இடது சீட்டில் ஆறு மாதம்: புது லாரி டிரைவரை நாமே உருவாக்குவது எப்படி

போன ஆவணி மாதம் என்னுடைய ஐந்து வண்டிகளில் ஒன்று 17 நாள் ஆரல்வாய்மொழி ஷெட்டில் சும்மா நின்றது. எஞ்சின் நன்றாக இருந்தது, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இருந்தது, தூத்துக்குடியில் லோடும் காத்துக் கிடந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. தவணை, இன்சூரன்ஸ், வரி எல்லாம் கணக்குப் பார்த்தால் அந்த 17 நாளில் கைவிட்டுப் போனது 45,000 ரூபாய்க்கு மேல். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த லாரி ஆபீசில் போய் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான்: "நல்ல டிரைவர் யாராவது இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி."

நானும் இரண்டு வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டு அலைந்தவன்தான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு ஆட்களை நானே பழக்க ஆரம்பித்தேன். இதுவரை ஏழு பேர் வந்தார்கள். நான்கு பேர் இப்போது தனியாக வண்டி எடுக்கிறார்கள், இரண்டு பேர் நடுவில் போய்விட்டார்கள், ஒருவன் இப்போது டிரைவருக்குப் பக்கத்தில், இடது சீட்டில் உட்கார்ந்து பழகுகிறான். ஐந்து, பத்து வண்டி வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் இதை எப்படிச் செய்யலாம் என்று, நான் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஆள் ஏன் இல்லை என்று பார்த்துவிடலாம். நான் 1995-ல் கிளீனராக, அதாவது டிரைவருக்கு உதவியாளாக ஏறினேன். நான்கு வருடம் இடது சீட். டயர் தட்டுவது, தார்ப்பாய் கட்டுவது, பின்னால் நின்று "வரட்டும், வரட்டும், போதும்" என்று ரிவர்ஸ் சொல்வது எல்லாம் என் வேலை. சாலை காலியாகக் கிடந்தால் நான் ஆசான் என்று கூப்பிட்ட டிரைவர் கொஞ்ச தூரம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். 1999-ல் ஹெவி லைசென்ஸ் எடுத்தபோது எனக்குப் புதிதாகப் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. பிறகு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எல்லா ஓனர்களும் முதலில் நிறுத்தியது கிளீனரைத்தான். நானும்தான் நிறுத்தினேன். மாதம் சில ஆயிரம் மிச்சமானது. ஆனால் அடுத்த தலைமுறை டிரைவர் உட்கார்ந்து பழக வேண்டிய இடத்தை அன்றைக்கே காலி செய்துவிட்டோம். வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டார்கள் என்று நாம் சொல்கிறோம். அதுவும் உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. ஆனால் படித்த பையனும் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறான் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பழகுவதற்கு அவனுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இடம் இல்லாததால் என்ன நடக்கிறது? மூன்று வருடத்துக்கு முன் கையில் ஹெவி லைசென்ஸோடு ஒரு தம்பி வந்தான். நான் அன்றைக்கே சாவியைக் கொடுத்தேன். இரண்டாவது நாள் கொல்லத்தில் ஒரு குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளினான். நல்லவேளை, பின்னால் யாரும் நிற்கவில்லை. கேட்டபோது அழுதுகொண்டே சொன்னான், பயிற்சிப் பள்ளியில் மொத்தமே நான்கு நாள்தான் பெரிய வண்டியைத் தொட்டானாம், அதுவும் லோடு இல்லாமல். அவனை நான் திட்டவில்லை. லைசென்ஸ் என்பது பழக ஆரம்பிக்கலாம் என்பதற்கான சீட்டு, அதை வைத்து லோடு ஏற்றி அனுப்பிய தவறு என்னுடையது. அந்தத் தம்பியையே திரும்ப இடது சீட்டில் உட்கார வைத்தேன். அவன்தான் என்னுடைய முதல் ஆள்.

யாரை எடுப்பது

ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். என் அனுபவத்தில் நல்ல ஆட்கள் கிடைப்பது சின்ன வண்டிக்காரர்களிடம். குளச்சல், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் ஏற்றுகிற பிக்கப், தோவாளையிலிருந்து விடியற்காலையில் பூ கொண்டு போகிற டாடா ஏஸ், வாழைக்குலை வண்டி, இவற்றை ஓட்டுகிற பையன்களைப் பாருங்கள். இரவு விழிப்பு, நேரத்துக்குப் போய்ச் சேருவது, சரக்கு கெட்டுவிடக் கூடாது என்ற பதற்றம் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இந்தச் சின்ன வண்டிகள்தான் நமக்கு நாற்றங்கால்.

வருகிற பையனை வண்டி ஓட்டச் சொல்ல மாட்டேன். "மக்கா, வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து என்ன பாத்தேன்னு சொல்லு" என்பேன். சிலர் அரை நிமிடத்தில் வந்து "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். ஒருவன் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, பின் வலது பக்கத்து இரட்டை டயருக்கு நடுவே கருங்கல் ஒன்று சிக்கியிருக்கிறது, இடது இண்டிகேட்டர் கண்ணாடியில் கீறல், தார்ப்பாய் ஓரத்தில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்றான். அவனை அங்கேயே எடுத்துக்கொண்டேன். கல் ஒன்று தெறித்தால் பின்னால் வருகிற பைக்காரனின் தலை போய்விடும். அது கண்ணில் பட்டவனுக்கு மற்றதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கண் பரிசோதனையை உங்கள் செலவில் செய்யுங்கள். லைசென்ஸுக்குக் கொடுக்கிற மருத்துவச் சான்றோடு விட்டுவிடாதீர்கள். இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் எவ்வளவு நேரத்தில் பார்வை திரும்புகிறது என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், வீட்டுக்குப் போங்கள். இதை நான் மிக முக்கியமாகச் சொல்கிறேன். பையன் சரி என்றாலும் வீடு சரி என்று சொல்லாவிட்டால் மூன்று மாதத்தில் போய்விடுவான். போன இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மை என்னிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. "எம் மோன் ராத்திரி எங்க கெடப்பான்?" என்று கேட்டார். அதற்கு நேரான பதில் என்னிடம் இருக்க வேண்டும். எந்த ஊரில் நிறுத்துவோம், எந்தப் பெட்ரோல் பங்கில் குளிக்க வசதி உண்டு, வாரத்தில் எந்த இரண்டு இரவு கட்டாயம் வீட்டுக்கு வருவான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். லாரிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலைதான் அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற நாள் நிச்சயமாகத் தெரிந்தால் அந்தக் கவலை பாதி குறைந்துவிடும். எழுதிக் கொடுத்த அந்த நாட்களை எவ்வளவு அவசர லோடு வந்தாலும் மீறாதீர்கள்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ்

சரக்கு வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க 20 வயது முடிந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் பெரிய வண்டிக்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். விண்ணப்பம் எல்லாம் அரசின் சாரதி இணையதளத்தில். எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் போய்விட்டது. எடுத்த லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. 19 வயதுப் பையன் எல்.எம்.வி.யோடு வந்தால் அந்தக் காத்திருக்கும் வருடத்தை இடது சீட்டில் கழிக்கலாம்.

இடது சீட்டில் உட்காருகிறவனை முதல் நாளிலிருந்தே சம்பளப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வண்டி இன்சூரன்ஸில் டிரைவரோடு சேர்த்து அவனுக்கும் காப்பு உண்டா என்று ஏஜெண்டிடம் கேட்டு, இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கட்டி அவனைச் சேர்த்துவிடுங்கள். சின்னத் தொகைதான். தெரிந்த பையன், சும்மா கூட வருகிறான் என்று ஏற்றி, ஏதாவது ஆனால் அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பு தருகிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் அவன் வங்கிக் கணக்கு வழியாகவே சேரலாம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை வரும்.

முதல் மூன்று மாதம்: டயர், கயிறு, காற்று

முதல் மூன்று மாதம் ஸ்டீயரிங் கிடையாது. பையன்களுக்கு இது கசக்கும். ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டயரிலிருந்து ஆரம்பியுங்கள். பத்துச் சக்கர வண்டியில் பின்னால் இரட்டை டயர். உள்பக்கத்து டயரில் காற்று இறங்கியிருந்தால் வெளியே இருந்து பார்க்கத் தெரியாது. ஆகவே இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். காற்று நிறைந்த டயர் 'டங்' என்று கம்பியைத் திருப்பி அடிக்கும். காற்று இறங்கியது 'தொப்' என்று கம்பியை விழுங்கிக்கொள்ளும். இரண்டு சத்தத்தையும் காது கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும். நான் வேண்டுமென்றே ஒரு டயரில் காற்றைக் குறைத்து வைத்து, எது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். கண்டுபிடித்த பிறகு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒன்று தளர்ந்தால் பக்கத்து டயர் இரண்டின் பாரத்தையும் சுமக்கும், சூடாகும், வெயிலில் கயத்தாறு தாண்டுவதற்குள் வெடிக்கும். காரணம் தெரிந்தவன்தான் யாரும் பார்க்காத இரவிலும் கீழே இறங்கித் தட்டுவான்.

அப்புறம் கயிறு. நம் மாவட்டத்து லோடுகளில் பழக நல்லது தும்பும் (தேங்காய் நார்) கதம்பையும் (தேங்காய் மட்டை). எடை குறைவு, உயரம் அதிகம், மேலே போகப் போக வெளியே தள்ளும். நைலான் கயிற்றை ஒரு பக்கக் கொக்கியில் போட்டு, மேலே எறிந்து, மறுபக்கம் இறங்கி, சுருக்குப் போட்டு, காலை வண்டியில் உதைத்துக்கொண்டு உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுக்க வேண்டும். முதல் வாரம் உள்ளங்கை தோல் உரியும். கட்டி முடித்ததும் நான் வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டி நிறுத்துவேன். கயிறு ஒரு விரல் தளர்ந்திருக்கும். லோடு குலுங்கி அமர்ந்த பிறகுதான் கடைசி இழுப்பு. ஆகவே எங்கே லோடு ஏற்றினாலும் கொஞ்ச தூரம் போய் நிறுத்திக் கயிறு பார்க்க வேண்டும் என்பது எங்கள் வண்டிகளில் சட்டம். பளுவும் அப்படித்தான். பத்துச் சக்கரத்துக்கு வண்டியோடு சேர்த்து 28.5 டன்தான் என்பதை இப்போதே மனதில் பதிய வைத்துவிடுங்கள். பிறகு யாராவது "ரெண்டு டன் கூட ஏத்திக்கோ" என்றால் முடியாது என்று சொல்கிற தைரியம் வரும். அப்படிச் சொன்னவனுக்கு ஓனர் துணை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்தப் பயிற்சியே வீண்.

மூன்றாவது காற்று. ஏர் பிரேக் என்றால் காரில் வந்தவனுக்கு ஒன்றும் புரியாது. காலையில் ஸ்டார்ட் செய்து, காற்றழுத்த மீட்டரில் முள் ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நிற்கும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழ் காட்டிக் கொடுக்கும். காற்று டாங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவதும் தினசரி வேலை.

காகித வேலையும் இந்த மூன்று மாதத்தில்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்குக்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும். அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு. கொச்சி இங்கிருந்து 200-க்கு மேல், ஆகவே இரண்டு நாள். பழுதாகி நின்றுவிட்டால் நேரம் முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். இது தெரியாமல் வழியில் அபராதம் கட்டிய டிரைவர்கள் நிறையப் பேர். புது பி.எஸ். 6 வண்டியில் யூரியாக் கரைசல் ஊற்றுகிற, நீல மூடி போட்ட டாங்கில் டீசல் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீயரிங்

நான்காவது மாதம், பழகுநர் உரிமம் கையில் வந்ததும் ஆரம்பிக்கலாம். இடம் ஊருக்கு வெளியே காலி மைதானம். எனக்குத் தெரிந்த ஒரு செங்கல் சூளைக்காரர் ஞாயிற்றுக்கிழமை இடம் தருகிறார். முழுக்க ரிவர்ஸ்தான். இரண்டு தார் டின்னுக்கு நடுவே பின்னால் விட வேண்டும். முன்னால் ஓட்டுவது தானாக வந்துவிடும்.

அங்கே நான் தவறாமல் செய்கிற ஒன்று உண்டு. பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவனுடைய பைக்கையே கொண்டுபோய் கேபினுக்கு இடது முன்பக்கம், பம்பரை ஒட்டி நிறுத்துவேன். "உன் பைக் எங்க நிக்கு?" என்று கேட்பேன். கண்ணாடி மூன்றையும் பார்ப்பான், எட்டிப் பார்ப்பான். தெரியாது. கீழே இறங்கி வந்து பார்த்ததும் அவன் முகம் மாறும். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இடது பக்கம் நுழைந்து முன்னால் வந்து நின்ற நாட்கள் அவனுக்கு ஞாபகம் வரும். ஒருவன் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடி பார்க்கச் சொல்லி நூறு தடவை கத்துவதைவிட இது போதும்.

சாலையில் ஏறும்போது லோடு இல்லாமல், காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள், ஆசான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. முதலில் ஆரல்வாய்மொழி - காவல்கிணறு. காற்றைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. முப்பந்தலில் ஆயிரக்கணக்கில் காற்றாலை நிற்பதற்குக் காரணமே கணவாய்க் காற்றுதான். ஆனி, ஆடியில் காலி வண்டியைப் பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ளும். பையன் ஸ்டீயரிங்கைக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் ஒடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் ஒரு பஸ் கடக்கும்போது காற்று ஒரு நொடி மறையும், வண்டி பஸ் பக்கம் இழுக்கும். பஸ் போனதும் மறுபடி அடிக்கும். அந்த இடத்தில் பயந்து திடீரென்று ஒடித்தால் போச்சு. வேகத்தை முன்கூட்டியே குறைத்து, இரண்டு கையாலும் மென்மையாகப் பிடிக்கப் பழக வேண்டும். தும்பு லோடோடு காற்று அதிகமாக இருந்தால் நிறுத்திவிடு, லேட் ஆனதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இறக்கம் கடைசிப் பாடம். பெங்களூர் போகிற எங்கள் வண்டிகள் திரும்பி வரும்போது தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். நாங்கள் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லிப் பழகிய, இப்போது 44 என்று எண் மாறிய, கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற அதே சாலைதான். எத்தனை லாரிகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன, எத்தனை கார்கள் நசுங்கியிருக்கின்றன! அதற்கு ஒரு பெரிய காரணம் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. நியூட்ரலில் எஞ்சின் பிடிக்காது, முழு பாரமும் பிரேக் டிரம் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகிப் பிடிப்பு போகும், காற்றும் குறையும். "எந்தக் கியரில் ஏறுவியோ அந்தக் கியரில் இறங்கு" என்று என் ஆசான் சொல்வார். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். இதைச் சொல்லிக் காட்டினால் போதாது. பையனை இடது சீட்டில் வைத்துக் குறைந்தது நான்கு நடை அங்கே இறங்க வையுங்கள். லைசென்ஸ் வந்த பிறகு அவன் கையில் முதல் தொப்பூர் இறக்கம், காலியாக, பகலில், ஆசானோடு. இன்னொன்று, டீசல் மிச்சம் பிடித்தால் பரிசு என்ற ஏற்பாடு உங்கள் ஆபீசில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நியூட்ரலுக்குப் போகச் சொல்லி நாமே கையில் காசு கொடுப்பதுதான் அது.

பழக்குகிறவருக்கு என்ன

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லா நல்ல டிரைவரும் நல்ல ஆசான் ஆக முடியாது. என்னிடம் 26 வருட அனுபவம் உள்ள ஒருவர் இருக்கிறார், கை தங்கம். ஆனால் பக்கத்தில் புதியவன் இருந்தால் கத்தியே அவனை நடுங்க வைத்துவிடுவார். இன்னொருவர் பொறுமைசாலி, அவரிடம்தான் பையன்களை விடுகிறேன். பழக்குகிற நாளுக்கு அவருக்குத் தனியாக 250 ரூபாய். பையன் தனியாக வண்டி எடுத்து ஆறு மாதம் நிலைத்தால் 10,000 ரூபாய். "இவனைப் பழக்கிவிட்டால் என் வேலை போய்விடுமோ" என்ற பயம் மூத்தவர்களுக்கு உண்டு. அது நியாயமான பயம். காசும் மரியாதையும் கொடுத்து, முகத்துக்கு நேராகப் பேசி அதைப் போக்க வேண்டும். உதவியாளனாக வைத்து டீ வாங்க மட்டும் அனுப்புகிற பழைய வழக்கத்தை நான் அனுமதிப்பதில்லை. என்னை அடித்தும் பழக்கினார்கள். அதனால்தான் நான் நல்ல டிரைவர் ஆனேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

சம்பளமும் தூக்கமும்

பழகுகிறவனுக்கு மாதம் 13,000, வெளியே போகிற நாளுக்குப் படி 350. ஆறு மாதத்துக்குக் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். பெரிய தொகை போலத் தெரியும். வண்டி 17 நாள் நின்றதன் நஷ்டத்தையும், அரைகுறை டிரைவர் ஒருவர் இடித்த சுவரையும் சேர்த்துப் பாருங்கள்.

டிரைவர் ஆனவனுக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நடைக் கணக்கு வேகத்தைத் தூண்டும், தூக்கத்தைத் தின்னும். இப்போது மாதச் சம்பளம், தினப் படி, லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நாளுக்கு ஹால்டிங் 500. கொச்சியில் இரண்டு நாள் வரிசையில் நின்றாலும் அவன் வீட்டுக்குப் பணம் குறையாது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போனால் அரை மணி ஓய்வு என்றும் எழுதி வைத்தது. நம் தொழிலில் அதை யார் பார்த்தோம்? நான் இப்போது பார்க்கிறேன். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை வண்டி நிற்க வேண்டும். கண் அசருவது தைரியத்துக்குக் கட்டுப்படாது. இதனால் ஒரு வாடிக்கையாளரின் லோடு கைவிட்டுப் போனது. போகட்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். பழைய வண்டியில் நான் ஒரு நல்ல மெத்தை, கொசுவலை, இரண்டு மின்விசிறி போட்டேன். எல்லாம் சேர்த்து 9,000-க்குள். பையன்கள் சொந்தக்காரர்களிடம் போட்டோ எடுத்துக் காட்டுகிறார்கள். அடுத்த ஆளைக் கூட்டி வந்தது அந்தப் போட்டோதான்.

பெண்களையும் விட்டுவிடாதீர்கள். 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த வசந்தகுமாரி நம் மாவட்டத்துக்காரர். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நாம் எத்தனை பேரை அந்தச் சீட்டில் உட்கார வைத்தோம்? போன மாதம் பிக்கப் ஓட்டுகிற ஒரு தங்கச்சி வந்து கேட்டாள். ஸ்டீயரிங் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. வழியில் சுத்தமான கழிப்பறை, இரவில் பயமில்லாமல் வண்டி நிறுத்த இடம், இந்த இரண்டுதான் பிரச்சினை. இப்போதைக்கு இரவு தங்காத நடைகளில், தூத்துக்குடி வரை போய் மாலை திரும்புகிற வண்டியில், அவளுக்கு இடது சீட் பேசியிருக்கிறேன்.

தனியாக அனுப்புகிற முதல் நாள்

லைசென்ஸ் வந்ததும் அனுப்பிவிடாதீர்கள். ஆசான் இடது சீட்டில் உட்கார, லோடோடு இருபது நடையாவது பையன் ஓட்டட்டும். அந்த நாட்களில் ஆசான் வாயைத் திறக்கவே தேவைப்படாத நடை மூன்று தொடர்ந்து வந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் தனி நடை எப்போதும் திருநெல்வேலி பக்கம் தாழையூத்து சிமெண்ட் லோடு. நூறு கிலோமீட்டருக்குள், நான்குவழிச் சாலை, பகல், அவன் முப்பது தடவை பார்த்த வழி. மழை இருந்தால் தள்ளிப் போடுவேன். கேபினில் ஒட்டியிருக்கிற தாளில் மூன்று எண்கள் பெரிதாக எழுதியிருக்கும்: ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, என்னுடையது. யாருக்கு அடிபட்டாலும், யார் மேல் தவறு என்றாலும், முதலில் 108. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது, பணத்தை நினைத்து யாரும் தயங்க வேண்டாம், ஓடிப் போகவும் வேண்டாம் என்று அவனிடம் வாயால் சொல்லிக் கேட்டு, அவன் வாயால் திரும்பச் சொல்ல வைப்பேன்.

அன்றைக்கு நான் அவனுக்குப் போன் செய்வதில்லை. வண்டி ஓடும்போது ஓனர் போன் அடித்தால் எந்தப் புதுப் பையனும் எடுத்துவிடுவான். கயத்தாறுக்கோ கொச்சிக்கோ போகிற பழைய ஆட்களுக்கும் இதே விதிதான். நிறுத்திவிட்டு அவன்தான் கூப்பிட வேண்டும். போன வைகாசியில் நான்காவது பையன் முதல் தடவை தனியாகப் போனபோது காலை ஏழு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு அடித்தது.

"அண்ணாச்சி, வண்டியை நிறுத்திட்டேன், கட்டை போட்டாச்சு. உள்பக்கத்து டயர் ஒண்ணு சத்தம் சரியில்ல, பஞ்சர் கடைக்குப் போயிட்டு லோடுக்குப் போறேன். கொஞ்சம் லேட் ஆகும்."

"ஆகட்டும் மக்கா," என்றேன்.